வெதுவெதுப்பான மூலை

ஹைட்ரஜனுக்குப் பயப்படுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வடசென்னையில் ஓர் உரத் தொழிற்சாலையில், ஹைட்ரஜன் தயாரிக்கும் பிரிவில், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை இருந்தேன். அங்கே பயமில்லாதவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. பகலில் அது எரிந்தால் சுடர்கூடக் கண்ணில் படாது. எதிரே வெறும் காற்றுதான் இருக்கிறது என்று நினைத்து நடந்தவன் நேராக நெருப்புக்குள் போய்விடுவான். அதனால் எங்காவது கசிவு என்று சந்தேகம் வந்தால், ஒரு தென்னந்துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்போம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஈர்க்கு நுனி திடீரென்று பற்றிக்கொண்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் துடைப்பத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு தடவை அது பற்றியதைப் பார்த்துவிட்டால் பிறகு சிரிக்கமாட்டார்கள்.

இப்படிப் பயந்தே பிழைத்த நான், பயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒரு நேரத்தில் அதை விழுங்கிக்கொண்டேன். போன தீபாவளிக்கு முன்னால் நடந்தது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மொட்டைமாடியில் சோறு சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்கள் அன்று உயிரோடு கீழே இறங்கினார்கள் என்றால், அதற்குக் காரணம் நான் இல்லை. நான் பேசாமல் இருந்த பிறகும் அவர்கள் தப்பினார்கள், அவ்வளவுதான்.

மனைவி போன பிறகு நானும் என் மகளும் கோட்டூர்புரத்தில் ஆற்றைப் பார்த்த ஒரு பழைய அடுக்ககத்தில் இருக்கிறோம். அவளும் பொறியியல் படித்தவள். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திருவான்மியூரைத் தாண்டி ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். அலமாரி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் ஹைட்ரஜனைக் கொடுத்தால், அது காற்றோடு சேர்ந்து மறுபக்கம் மின்சாரமாகவும் கொஞ்சம் தண்ணீராகவும் வரும். புகை இல்லை, சத்தம் இல்லை. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக இதை ஓட்டலாம் என்பது அவள் திட்டம். ஹைட்ரஜனும், சூரிய மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஓர் இடத்திலிருந்து சிலிண்டரில் வரும்.

தொடக்கத்தில் நான் சரியாகத்தான் பேசினேன். இந்த நாட்டில் ஹைட்ரஜனுக்குப் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. உரம் செய்ய அது வேண்டும். நிலக்கரி இல்லாமல் இரும்பு உருக்க அது வேண்டும். நாளைக்குக் கப்பல் ஓட்டவும் வேண்டியிருக்கும். கம்பி இழுத்து மின்சாரம் கொடுக்க முடியாத இடங்கள் அவை. கம்பி போகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் செய்து, அழுத்தி, லாரியில் ஏற்றி, மாடிக்குத் தூக்கி, மறுபடியும் மின்சாரமாக மாற்றினால் போகிற வழியிலேயே பாதிக்கு மேல் வீணாகிவிடும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவளிடம் சொன்னேன்.

“அந்தக் கடைக்கு ஒரு நல்ல பேட்டரி போதும்மா,” என்றேன்.

“தெரியும்பா. பேட்டரி விக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். உரக் கம்பெனி, இரும்புக் கம்பெனியெல்லாம் என்னை கேட்டுக்குள்ள விடுவானா? எங்கிட்ட இருக்கிறது ஒரு ஷெட்டு, ஒரு குட்டி லாரி. மொதல்ல ஏதாவது ஒரு எடத்துல இது ஓடுதுன்னு காட்டணும். அப்புறம் துறைமுகம், கப்பல்னு போய் நிக்கலாம்.”

“அதுக்கு தி. நகர்தான் கெடச்சுதா?”

“அங்கதான் ஜெனரேட்டர் புகையில ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்க. நீங்க மேல வந்து ஒரு தடவை மூச்சு விட்டுப் பாருங்க.”

நான் மேற்கொண்டு வாதாடவில்லை. அவள் நியாயம் பாதிதான் காரணம். மீதிக் காரணம் என்னுடையது. எங்கள் தொழிற்சாலையில் நாங்கள் ஹைட்ரஜன் எடுத்தது நாப்தா என்கிற பெட்ரோலிய எண்ணெயிலிருந்து. ஒரு பங்கு ஹைட்ரஜனுக்குப் பல பங்கு கரியமில வாயுவை வானத்தில் விட்டோம். அந்தக் காலத்தில் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. இன்று பேப்பரைப் பிரித்தால் அதைத் தவிர வேறு பேச்சில்லை. என் மகள் அதே வாயுவைச் சுத்தமாகக் கொண்டுவருகிறாள் என்றபோது, என் ஆயுளுக்கே யாரோ வெள்ளையடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது. அவள் தோற்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பாதுகாப்பு ஆலோசகர் என்று என்னைப் போட்டுக்கொண்டாள். நானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் அந்தக் கடை. மாடி மாடியாகப் பட்டு, சுடிதார், குழந்தைகள் உடுப்பு. மொட்டைமாடியின் ஒரு பாதியில் வேலை செய்கிற பெண்களுக்கான சமையலும் சாப்பாடும். பெண்கள் பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், கடை ஹாஸ்டலில் தங்குகிறவர்கள். இன்னொரு பாதியில் முன்பு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அதை எடுத்துவிட்டு அங்கே மகளின் வெள்ளைப் பெட்டியை வைத்தோம். கொஞ்சம் தள்ளி, கம்பிவலைக் கூண்டுக்குள் சிலிண்டர்கள். நான் போட்டது ஒரே ஒரு நிபந்தனை: மேலே கூரை கூடாது. ஹைட்ரஜன் எவ்வளவு கசிந்தாலும் திறந்த வானத்தில் ஒரு நொடியில் மேலே போய்க் கரைந்துவிடும். கூரை போட்டால் அதற்கடியில் தேங்கும். தேங்கிய பிறகு ஒரு சின்னப் பொறி போதும்.

மழை தொடங்கியதும் கடை மேனேஜர் மாடி முழுக்கத் தகரம் போட்டுவிட்டார். சோற்றில் மழை விழுகிறதாம், தீபாவளிச் சரக்கு மூட்டைகளுக்கும் இடம் வேண்டுமாம். பக்கத்துக்குத் தார்ப்பாய் வேறு. நான் பார்க்கப் போனேன். உடனே பெட்டியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தீபாவளி முடிந்ததும் அரசாங்கத்திலிருந்து சிலர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்தாள்.

“என்னப்பா, ஓகேதானே?”

“உச்சியில நீளத்துக்கு ஒரு இடைவெளி விட்டா போதும். வானம் தெரியணும்,” என்றேன்.

அந்தப் பதில் தப்பில்லை என்று சில பொறியாளர்கள் இன்றும் சொல்வார்கள். உரத் தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பார்த்த யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் அவரை வெளியே அனுப்பியிருப்பேன். இடைவெளி விட்டார்கள். மேனேஜர், “வானம் தெரியுதா சார்? நட்சத்திரம்கூடத் தெரியும்,” என்று காட்டினார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகள் கைபேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்கப்பா. நேத்து எடுத்தது. வர்றவங்களுக்கு மொதல்ல இதைத்தான் காட்டப்போறேன். டீசல் புகை இல்லாத சாப்பாட்டு ரூம்!”

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் வெள்ளைப் பெட்டி. அதற்கும் மேலே கூரையின் உச்சி. அங்கே நீளமாக ஒரு வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை. அந்த இடத்தில் நீலமும் மஞ்சளுமாக ஏதோ ஒரு துணி.

“அழகா இருக்குல்ல?”

“இருக்கு,” என்றேன்.

நிழலாக இருக்கலாம், படம் எடுத்த கோணம் அப்படி இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோசையை முடித்தேன். அவள் போன பிறகு கையை அலம்பினேன். ஒரு போன் போட்டால் போதும். ‘மேலே போய் அந்த இடைவெளியைப் பார்’ என்று ஒரு வார்த்தை. போட்டால் அவள் கேட்பாள்: “மூடிட்டாங்கன்னா என்னப்பா பண்றது?” நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு, “அப்போ கூரை போட்டப்பவே ஏன் நிறுத்தச் சொல்லல?” என்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் போனை எடுக்கவில்லை. மகளுடைய கேள்வியா, மாடியில் இருக்கிற பெண்களா என்று வந்தபோது நான் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோவிலுக்குப் போனேன். செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்காக ஃபாதர் உட்கார்ந்திருந்தார். கோபம், பொறாமை, ஜெபத்தில் கவனக்குறைவு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “வேறு ஏதாவது?” என்றார். “வேறு ஒன்றும் இல்லை, சாமி,” என்றேன். அவர் கொடுத்த அபராத ஜெபத்தை முட்டிபோட்டுச் சொல்லி முடித்தேன். ஹைட்ரஜனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினேன். ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘தெரிந்தே பேசாமல் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், மீதியை அவர் புரிந்துகொண்டிருப்பார்.

அன்று கோட்டூர்புரத்தில் பிள்ளைகள் முன்கூட்டியே வெடி வெடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நான் தி. நகர் இருக்கும் திசையைப் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் அதற்குமேல் தாங்கவில்லை. மகள் ஷெட்டில் இருந்தாள். அவளிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்தேன். பனகல் பார்க்குக்கு முன்னாலேயே ஆட்டோ நின்றுவிட்டது. தலை தலையாக ஜனம். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பை, குழந்தை, ஐஸ்கிரீம், விசில், எல்லாவற்றுக்கும் நடுவே நசுங்கி நசுங்கிப் போனேன். கடையின் லிஃப்டில் ஏற முடியவில்லை. படியேறினேன். ஒவ்வொரு தளத்திலும் இடுப்பில் பிள்ளையோடு அம்மாக்கள். இந்தப் படியில் இவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க நேர்ந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதன்பின் கைப்பிடியை விட முடியவில்லை.

மாடிக்கதவைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தேன். உச்சி இடைவெளி முழுக்க ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர். போன வருஷ ஆடித் தள்ளுபடி விளம்பரம். கயிறு போட்டு நன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே சமையல் அடுப்பு ‘உஸ்’ என்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது பந்திப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் நாங்கள் மாட்டிய வாயு சென்சாரின் தலையில் ஒரு பிளாஸ்டிக் பை.

சமையல் செய்கிற அம்மா என்னை முன்பே பார்த்தவள். “வா நைனா, சாப்பிடறியா? இன்னிக்கு வத்தக்கொழம்பு.”

“இது யாரும்மா பை கட்டினது?”

“நான்தான். அது எப்ப பாரு கத்திக்கினே கீது. அடுப்பு பத்தவெச்சா கத்துது, அணைச்சா கத்துது. பொண்ணுங்க சோறு துன்ன வேணாவா?”

“மேல பேனர்?”

“மழ ஒயுகுதுன்னு நாங்கதான் சொல்லிக் கட்டுனோம். ஏன், இன்னா ஆச்சு?”

அடுப்பை அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண் தட்டோடு என்னைக் கடந்து கூண்டுப் பக்கம் போனாள். படத்தில் சிரித்தவள் அவள்தான். இடது முன்னங்கையில் துணி சுற்றியிருந்தது.

“எங்கம்மா போற?”

“துண்டு காயப்போட்டிருக்கேன் சார். எடுக்கணும்.”

“அங்கயா?”

“ஆமா சார். அந்தக் கூண்டுக்குப் பின்னால ஒரு மூலை இருக்குலா, வெதுவெதுன்னு இருக்கும். இந்த மழைல துணியே காய மாட்டேங்கு. அங்க போட்டா சீக்கிரம் காஞ்சிரும்.”

“கையில என்ன?”

“நேத்து துண்ட எடுக்கையில ஏதோ குழாய் சுட்டுட்டு.”

வெள்ளைப் பெட்டி ஓடினால் சூடாகும். ஆனால் கரண்ட் போகவில்லை, அது ஓடவில்லை. தவிர, பெட்டி அந்தப் பக்கம், கூண்டு இந்தப் பக்கம். சிலிண்டர்களும் அவற்றை இணைக்கிற குழாயும் சில்லென்றுதான் இருக்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பு எப்படி வரும் என்பதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். அவளை ஓர் அடிகூட எடுக்க வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

“ஒரு தொடப்பம் குடும்மா. தென்னந்தொடப்பம்,” என்றேன் சமையல் அம்மாவிடம்.

“இன்னா நைனா, பெருக்கப்போறியா?” பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “தாத்தாவை வேலைக்குச் சேத்துட்டாங்கடி,” என்றாள்.

துடைப்பத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு கூண்டைச் சுற்றி நடந்தேன். குழாயின் ஓர் இணைப்புக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத காற்றில், ஈர்க்கு நுனி சட்டென்று மஞ்சளாகப் பற்றியது. பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே ஒரு நெருப்பு எத்தனை நேரமாக எரிந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நூல் போன்ற கசிவுதான். எது பற்றவைத்தது என்றும் தெரியாது. நைலான் துணியிலிருந்து வருகிற பொறிகூடப் போதும். அந்த நெருப்பு எரிவதுதான் அப்போதைக்கு எங்களுக்குப் பாதுகாப்பு. கசிகிற வாயு அங்கேயே எரிந்து தீர்ந்துகொண்டிருந்தது. அது அணைந்துவிட்டால், வாயு நேராக மேலே போய்ப் பேனருக்கு அடியில் சேரும். கீழே சமையல் அடுப்பு.

துடைப்பத்தை ஈரத்தரையில் தேய்த்து அணைத்தபடி திரும்பினேன். சமையல் அம்மா ஒரு சாக்கைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். “நவுரு நைனா, நான் போட்டு அமுக்கிடறேன்!” நல்ல மனசு. எண்ணெய் பற்றினால் சமையல் அறையில் அப்படித்தானே செய்வார்கள். நான் கத்தப் போனேன். படிக்கட்டில் பார்த்த கூட்டம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ‘நெருப்பு’ என்று ஒரு சத்தம் கீழே கேட்டால் போதும். ஆகவே அவள்மேல் விழுந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படியே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஈரச்சாக்கோடு கீழே விழுந்தேன்.

“கெய்வா, பைத்தியமா புடிச்சிக்கீது?”

“அணைக்காத! அணைச்சா எல்லாரும் போயிடுவோம். அடுப்ப மட்டும் அணை. மெதுவா. கத்தாத.”

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். காதருகில் சொன்னேன். அவருக்கு உதடு வெளுத்தது. ஆனாலும் சட்டென்று யோசித்தார்.

“நெருப்புன்னு சொல்லாதீங்க சார், கீழ மிதிச்சே செத்துருவாங்க.” பெண்கள் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். “ஏய், மொதலாளி ரவுண்ட்ஸ் வந்துட்டாரு! எல்லாரும் செக்‌ஷனுக்குப் போங்க!”

“சோறு பாதியில கெடக்கு சார்!”

“நானே வந்து ஊட்டிவிடறேன், போ!”

முனகிக்கொண்டே போனார்கள். முதலாளி என்ற பேருக்கு இருக்கிற வேகம் எந்த அபாயச் சங்குக்கும் கிடையாது. சமையல் அம்மா மட்டும் போகவில்லை. காய்கறிக் கத்தியோடு ஸ்டூலில் ஏறிப் பேனர் கயிறுகளை அறுத்தாள். ஒரு பக்கம் தொங்கியதும் வானம் தெரிந்தது. நான் கூண்டுக்குள் கைவிட்டு ஒவ்வொரு சிலிண்டர் வால்வாக மூடினேன். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுடர் என் மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் மூடினேன். கடைசி வால்வு இறுகிக் கிடந்தது. அது திரும்பாமல் இருந்த அந்தச் சில கணங்களில், என் மகள் இங்கே இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஓர் ஆறுதல் வந்தது. கீழே இருந்தவர்களும் யாரோ ஒருவருடைய மகள்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வால்வு திரும்பியது. ‘டொப்’ என்று ஒரு சின்னச் சத்தம். துடைப்பத்தை மறுபடி நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் பற்றவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் போன் செய்து மகள் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூண்டைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள், மேனேஜரைத் திட்டினாள். நான் அவளைத் தனியே கூப்பிட்டேன்.

“அவரத் திட்டாதம்மா. பேனர் கட்டுனது எனக்குத் தெரியும். போட்டோல பாத்தேன்.”

“எந்தப் போட்டோ?”

“வியாழக்கிழமை காட்டினியே.”

கைபேசியில் அந்தப் படத்தை எடுத்துக் கூரை உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “பாத்துட்டு தோசை சாப்டீங்க.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அன்றைக்கே லாரி வரவழைத்துச் சிலிண்டர்களை இறக்கினாள். வருவதாக இருந்த அதிகாரிகளுக்கு அவளே போன் செய்து நடந்ததை முழுவதும் சொன்னாள். என் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவர்கள் பிறகு என்னையும் அழைத்து விசாரித்தார்கள். ஒருவர், “அப்போ ஹைட்ரஜனே வேண்டாம்கிறீங்களா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன். அதற்குப் பயப்படத் தெரிந்தவர்கள் காவல் இருக்கிற இடத்தில், அதைவிட்டால் வேறு வழியில்லாத வேலைக்கு வேண்டும், சோறு சாப்பிடுகிற மாடியில் வேண்டாம் என்றேன். கூரையைப் பார்த்தும் சம்மதித்தது நான்தான் என்பதையும், போட்டோவைப் பார்த்ததையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மகளின் ஷெட் இன்னும் இருக்கிறது, வேலைக்கு ஓர் ஆள்தான் மிச்சம். வீட்டில் அவள் என்னோடு பேசுகிறாள். மருந்து சாப்பிட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்பாள். தொழில் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். மாடியில் மறுபடியும் டீசல் ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் குழாயடியில் தட்டு அலம்பிக்கொண்டிருந்தாள். முன்னங்கையில் தழும்பு பளபளப்பாகத் தெரிந்தது.

“உன் கை சுட்டது குழாய் இல்லம்மா. நெருப்பு.”

“தெரியும் சார். சமையல் அக்கா சொன்னாவ.”

“அதுக்கு முந்தின நாளே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒரு போட்டோல பாத்தேன். அன்னைக்கே வந்திருந்தா உனக்கு இது ஆகியிருக்காது. வரல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல.”

அவள் தட்டைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். “கால் வலியா சார், படியேற முடியலயா?”

தப்பித்துக்கொள்ள அவளே ஒரு வழி கொடுத்தாள். “இல்லம்மா. என் மகள் வருத்தப்படுவாளேன்னு. என் பேரு கெட்டுருமேன்னு.”

“நாங்க அத்தன பேரும் இங்கதான இருந்தோம் சார்?”

“ஆமா.”

“இப்ப எதுக்குச் சொல்லுதிய?”

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் அதிர்ந்து கிளம்பியது, கரும்புகை கூரைக்கு அடியில் சுழன்று எங்கள் பக்கம் வந்தது. அவள் இருமினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“இது ஓடுனா கண்ணு எரியும் சார். உங்க மிஷினு இருந்தப்ப இது கெடையாது. அது திரும்ப வருமா?”

“வராது.”

“அப்ப எங்களுக்கு இதுதானா?”

“பேட்டரி வைக்கலாம். புகையும் வராது, மாடிக்குச் சிலிண்டரும் வராது. மேனேஜர்கிட்ட நான் சொல்றேன்.”

“அவருட்டயா?” என்று சிரித்தாள். அவராவது, கேட்பதாவது என்று இருந்தது அந்தச் சிரிப்பு. நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர்கள் கண்ணில் தழும்பு படக் கூடாது என்று சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

மேனேஜர் அறை நான்காம் தளத்தில். கதவு திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தால் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும்: இனிமேல் உங்கள் ஆலோசனை எங்களுக்கு வேண்டாம் சார் என்பார். அதில் தப்பும் இல்லை. உள்ளே போனேன்.